மஞ்சள்கருவில் தொடங்கிய மருந்து



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. டீயைப் போட்டு வைத்துக்கொண்டு பொறுமையாக வாசியுங்கள்.

போன வாரம் அக்கா பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். பி.பார்ம். இரண்டாம் வருடம் படிக்கிறாள். “சின்னாச்சி, லைப்போசோம்னு ஒரு பாடம் வருது. தாத்தாவுக்கு ஏத்துனாங்களே மஞ்ச மருந்து, அது இதுதானாம்” என்றாள். அக்கா உடனே உள்ளே போய், பீரோவில் வைத்திருந்த ஒரு காலிக் குப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இத்தனை வருடமாக அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

2021 மே மாதம் நம் வீட்டில் நடந்தது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மாணவர்களுக்காக மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். அத்தானுக்கு இருபது வருடச் சர்க்கரை. உப்பளத்தில் கணக்கு எழுதியவர். கொரோனா வந்து தேறி, வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் வலது கன்னம் மரத்துப் போச்சு என்றார். மூக்கடைப்பு. கண் வீங்கியது. மியூக்கர்மைகோசிஸ், பத்திரிகைகள் கருப்புப் பூஞ்சை என்று எழுதியது. அந்த மாதம்தான் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகச் சேர்த்தது. அந்த அலையில் நாடு முழுவதும் 40,000 பேருக்கு மேல் அது வந்தது.

அறுவை சிகிச்சையோடு கொடுக்க வேண்டிய மருந்து லைப்போசோமல் ஆம்போடெரிசின் பி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம். அத்தான் எடை 60 கிலோ. ஆக 300 மில்லிகிராம். ஒரு குப்பியில் 50 மில்லிகிராம்தான் இருக்கும். அப்படியானால் தினம் 6 குப்பி. மூன்று வாரத்துக்கு 126 குப்பி. அந்த நேரத்தில் ஒரு குப்பிகூடக் கிடைக்கவில்லை.

முதல் நான்கு நாள் லைப்போசோம் இல்லாத பழைய ஆம்போடெரிசினை ஏற்றினார்கள். அதைக் குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து ஏற்றியதைப் பார்த்துவிட்டு அக்கா, “சர்க்கரைக்காரருக்குக் குளுக்கோஸா?” என்று கத்திவிட்டாள். உப்புத் தண்ணீரில் கலந்தால் இந்த மருந்து திரிந்து அடியில் தங்கிவிடும், அதனால் குளுக்கோஸில்தான் கலக்க வேண்டும், அதற்குத் தக்கபடி இன்சுலின் போட்டுக்கொள்வோம் என்று நர்ஸ் பிள்ளை பொறுமையாக விளக்கினாள். மருந்து உள்ளே இறங்கிய அரை மணி நேரத்தில் கட்டிலே ஆடுகிற மாதிரி குளிர் நடுக்கம். நான்காம் நாள் கிரியாட்டினின் ஏறிவிட்டது. சிறுநீரகம் தாங்காது என்றார்கள். ஐந்தாம் நாள், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவன் எங்கெங்கோ அலைந்து முதல் ஆறு குப்பியைக் கொண்டுவந்து சேர்த்தான். (தம்பி, நீ இதை வாசிப்பாய். உன் பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டாய். போடவில்லை.) அதே ஆம்போடெரிசின்தான், ஆனால் லைப்போசோமில் வைத்தது. நடுக்கம் அடங்கியது. கிரியாட்டினின் மெல்ல இறங்கியது. வலது கண் போனது போனதுதான். ஆனால் அத்தான் இருக்கிறார்.

மருந்து அதே மருந்து, வைத்துக் கொடுத்த விதம் மட்டும்தான் மாறியது. அதில் எப்படி இவ்வளவு வித்தியாசம்? பேத்தியின் பாடப்புத்தகத்தையும் கையில் கிடைத்த மற்றவற்றையும் இந்த ஒரு வாரமாக வாசித்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறைத் திருத்திவிடுகிறேன். என் வகுப்பில் இருந்த எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, தேங்காய் எண்ணெயை விட்டுக் கலக்கிக் காட்டுவேன். எண்ணெய் மேலே வந்து நிற்கும். பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுக் கலக்குவேன். பால் மாதிரி ஆகிவிடும். ஒரு வருடம் ஒரு பிள்ளை எழுந்து, “எண்ணெய் எங்க போச்சு டீச்சர்?” என்று கேட்டாள். “கரைஞ்சு போச்சு, உட்காரு” என்றேன். அது தப்பு. எண்ணெய் கரையவில்லை. சோப்பு மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் ஒரு தலையும், தண்ணீருக்கு அஞ்சி எண்ணெயைத் தேடும் ஒரு வாலும் உண்டு. வால்கள் எல்லாம் எண்ணெய்த் துளிக்குள் குத்திக்கொண்டு, தலைகள் வெளியே தண்ணீரைப் பார்த்து நிற்கும். எண்ணெய் சின்னச் சின்னத் துளியாகத் தண்ணீருக்குள்ளேயே மிதக்கிறது. அவ்வளவுதான். அந்தப் பிள்ளை இப்போது இதை வாசித்தால் என்னை மன்னிக்கட்டும்.

முட்டையின் மஞ்சள்கருவில் லெசித்தின் என்று ஒரு கொழுப்பு இருக்கிறது. பாஸ்போலிப்பிட் வகை. நம் தூத்துக்குடி மக்ரூனுக்கு வெள்ளைக்கருவை மட்டும் எடுத்துக்கொண்டு மீதம் வைக்கிறார்களே, அந்த மஞ்சள்கருதான். இந்தக் கொழுப்புக்கு ஒரு தலை, இரண்டு வால். வால் இரண்டாக இருப்பதால் இது சோப்பு மாதிரி சின்ன உருண்டையாகச் சுருண்டு கொள்ளாது. தண்ணீரில் போட்டால் இரண்டு வரிசையாக, வாலோடு வால் சேர்த்து, தலைகள் இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்க்கும்படி ஒரு சவ்வாக நிற்கும். அந்தச் சவ்வு தன் ஓரங்களை மூடிக்கொண்டு பந்தாகிவிடும். பந்துக்குள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். இந்தப் பந்துதான் லைப்போசோம். நம் உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லின் சுவரும் ஏறக்குறைய இதே அமைப்புதான்.

இதைக் கண்டவர் அலெக் பாங்காம் என்ற ஆங்கிலேயர். இரத்தம் உறைவதைப் பற்றி ஆராய்ந்தவர். கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பாபிரகாம் என்ற ஊரில் விலங்கு உடலியங்கியல் நிறுவனத்தில் வேலை. 1961-இல் அங்கு புதிதாக வந்திருந்த எலக்ட்ரான் நுண்ணோக்கியில், ஹார்ன் என்ற சக விஞ்ஞானியோடு சேர்ந்து, பாஸ்போலிப்பிட்டை வைத்துப் பார்த்தார். அடுக்கடுக்காக, வெங்காயத்தை வெட்டி வைத்த மாதிரி உருண்டைகள் தெரிந்தன. நம் ஊர்க்காரர்களுக்கு வெங்காயத்தை விட முத்து சுலபமாகப் புரியும். முத்தும் அப்படித்தானே? சிப்பி தன் உள்ளே புகுந்த ஒன்றைச் சுற்றி அடுக்கு மேல் அடுக்காகப் பூசிக்கொண்டே போகிறது. ஒரே வித்தியாசம், லைப்போசோமில் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் தண்ணீர் இருக்கும்.

1964, 1965-இல் பாங்காம் குழுவின் கட்டுரைகள் வந்தன. அவருக்கு அப்போது மருந்து நினைப்பே கிடையாது. செல்லின் சுவர் வழியாக உப்பு எப்படிக் கடக்கிறது என்று பார்க்க இது ஒரு நல்ல மாதிரி என்றுதான் நினைத்தார். கொஞ்ச காலம் இந்த உருண்டைகளை விளையாட்டாக அவர் பெயரைச் சேர்த்தே கூப்பிட்டார்கள். லைப்போசோம் என்ற பெயரைப் பிறகு நியூயார்க்கின் ஜெரால்டு வைஸ்மன் வைத்தார்.

உள்ளே தண்ணீர் இருக்கிறதென்றால் அந்தத் தண்ணீரில் மருந்தைக் கரைத்து வைத்தால் என்ன? இதை 1971-இல் லண்டனில் கிரிகோரி கிரிகோரியாடிஸ், பிரெண்டா ரைமன் இருவரும் செய்து காட்டினார்கள். அவர்கள் வைத்தது ஒரு நொதி. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதி இருக்காது. அதனால் சிதைய வேண்டிய பொருள் செல்லுக்குள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். அந்த நொதியை வெளியிலிருந்து கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வண்டி வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். 1974-இல் அதே கிரிகோரியாடிஸ், அல்லிசன் என்பவரோடு சேர்ந்து, தடுப்பூசிப் பொருளை லைப்போசோமில் வைத்துக் கொடுத்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி இன்னும் பலமாக எழுகிறது என்று காட்டினார்.

இதையெல்லாம் வெள்ளைக்காரர் கதை என்று நினைத்துவிடாதீர்கள். இனிமேல் வருவது நம் வேலூரிலிருந்து தொடங்குகிறது.

பிமல் குமார் பச்சாவத் என்ற உயிர்வேதியியல் அறிஞர். 1925-இல் கொல்கத்தாவில் பிறந்தவர். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் வாங்கிக்கொண்டு, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தார். மூளையின் வேதியியல்தான் அங்கே அவருடைய துறை. 1962-இல் மருத்துவ அறிவியலுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது. பிறகு கொல்கத்தாவில் இன்று இந்திய வேதி உயிரியல் நிறுவனம் என்று அழைக்கப்படும் நிறுவனத்துக்கு இயக்குநராகப் போனார். அங்கேதான் லைப்போசோமைக் கையில் எடுத்தார்.

லைப்போசோமை இரத்தத்தில் செலுத்தினால் பெரும்பாலும் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். வேண்டிய இடத்துக்கு அதை அனுப்புவது எப்படி? 1980 வாக்கில் பச்சாவத் குழு அந்த உருண்டைகளின் மேல் விதவிதமான சர்க்கரை மூலக்கூறுகளை ஒட்டிப் பார்த்தது. எந்தச் சர்க்கரையை ஒட்டுகிறோமோ அதைப் பொறுத்து அது உடம்பில் போய்ச் சேரும் இடம் மாறியது. கடிதத்தின் மேல் முகவரி எழுதுகிற வேலை மாதிரிதான். பிறகு அவர் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகத்துக்கு வந்தார். ஆம்போடெரிசினை லைப்போசோமில் வைக்கும் இந்திய முயற்சி அங்கே வளர்ந்தது.

ஆம்போடெரிசின் ஏன்? தென் அமெரிக்காவில் ஓரினோகோ ஆற்றுப் பக்கத்து மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950-களில் எடுத்த மருந்து அது. பூஞ்சையின் சுவரில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் உண்டு. அதைப் போய்ப் பிடித்துப் பூஞ்சையைக் கொல்லும். நம் செல்லில் எர்கோஸ்டெரால் இல்லை, கொலஸ்டிரால் இருக்கிறது. இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. அதனால் மருந்து ஆள் மாறி நம் செல்லையும் பிடித்துவிடும். அத்தானுக்குச் சிறுநீரகம் கெட்டது இதனால்தான். இந்த மருந்து தண்ணீரிலும் சரியாகக் கரையாது, எண்ணெயிலும் சரியாகக் கரையாது. லைப்போசோமில் வைக்கும்போது அது பந்தின் நடுவிலிருக்கும் தண்ணீரில் இருப்பதில்லை, சுவருக்குள்ளேயே செருகிக்கொண்டு உட்காருகிறது. நம் செல்லைத் தொட்டால் எளிதில் இறங்காது. பூஞ்சையிடம் போனால் அங்கே இருக்கும் எர்கோஸ்டெரால் அதை இழுத்துக்கொள்ளும். விஷம் குறைந்ததற்கு இதுதான் காரணம்.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் லோபஸ் பெரஸ்டீன் 1985-இல் புற்றுநோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பயன் கண்டார். ஆம்பிசோம் என்ற பெயரில் 1990 முதல் ஐரோப்பாவிலும் 1997-இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. விலை நம் ஊர் ஏழைக்கு எட்டாதது. இங்கே பச்சாவத் குழுவும், மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நீலிமா க்ஷீரசாகர் குழுவும் சேர்ந்து, நம் நாட்டுக்கென்று ஒன்றை உருவாக்கி, நோயாளிகளிடம் சோதித்தார்கள். அது ஃபங்கிசோம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. முட்டையில் உள்ளது போன்ற அதே லெசித்தின் வகைக் கொழுப்பும் கொலஸ்டிராலும்தான் சரக்கு. நோயாளிக்கு ஏற்றும் முன் 45 நிமிடம் ஒலி அலைத் தொட்டியில் வைத்து அதிரவிட வேண்டும். அப்போதுதான் உருண்டைகள் பொடியாகும். அக்காவிடம் சொன்னால் சந்தோஷப்படுவாள், இது குளுக்கோஸில் இல்லை, உப்புத் தண்ணீரிலேயே தயாரானது.

பச்சாவத்துக்கு 1990-இல் பத்மபூஷண் கிடைத்தது. 1996-இல் காலமானார். வேலூருக்கு வைத்தியத்துக்குப் போய் வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அங்கே இப்படி ஒருவர் உட்கார்ந்து வேலை செய்தார் என்று நானும் இந்த வாரம்தான் அறிந்தேன்.

நம் நாட்டுக்கு இந்த மருந்தில் இன்னொரு பெரிய அக்கறை உண்டு. காலா அசார் என்னும் கருங்காய்ச்சல். பீகார், வங்காளப் பக்கத்து ஏழைகளை மணல் ஈ கடித்து வருவது. மண்ணீரல் வீங்கும், மருந்து இல்லாவிட்டால் சாவுதான். அதன் கிருமியை 1903-இல் கண்டவர்களில் ஒருவர் நம் சென்னைப் பொது மருத்துவமனையில் இருந்த சார்லஸ் டோனவன். அதே ஆண்டு இங்கிலாந்தில் லீஷ்மன் என்பவரும் அறிவித்திருந்ததால், ரொனால்டு ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானி என்று பெயர் வைத்தார். லைப்போசோமைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன என்று மேலே குறை சொன்னேன் அல்லவா? இந்தக் கிருமி குடியிருப்பதே அங்கேதான். ஒரு இடத்தில் தொல்லையாக இருந்தது இங்கே வசதியாகிவிட்டது. பழைய ஆம்போடெரிசின் என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 15 ஊசி, ஒரு மாதம் படுக்கை. கூலிக்காரன் ஒரு மாதம் படுத்தால் குடும்பம் என்ன சாப்பிடும்? முசாபர்பூரில் டாக்டர் ஷியாம் சுந்தர் குழு, லைப்போசோம் மருந்தை ஒரே ஒரு முறை ஏற்றிப் பார்த்தது. 2010-இல் முடிவு வெளிவந்தது. நூற்றுக்கு 95-க்கு மேல் குணம், 15 ஊசிக்குச் சமம்.

அப்படியானால் 2021-இல் ஏன் கிடைக்கவில்லை? நானும் அன்றைக்கு யார் யாரையோ திட்டினேன். இப்போது வாசித்த பிறகு கொஞ்சம் புரிகிறது. அபூர்வமாக வரும் நோய்க்கான மருந்தை எந்தக் கம்பெனியும் மலையாகக் குவித்து வைத்திருக்காது. திடீரென்று ஆயிரக்கணக்கானவர்களுக்கு, ஒவ்வொருவருக்கும் நூறு குப்பிக்கு மேல் வேண்டும் என்றால் எங்கே போவது? தேவையான சுத்தமான பாஸ்போலிப்பிட்டைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வாங்க வேண்டியிருந்தது. உருண்டைகளை ஒரே அளவில் செய்ய வேண்டும். அளவு எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய ஆயிரம் உருண்டைகளை வரிசையாக வைத்தால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். செய்து முடித்தாலும் கிருமி இல்லை என்று உறுதி செய்யும் சோதனைக்கு இரண்டு வாரம். சோற்றுப் பானையில் கூட ஒரு உழக்கு போட்டுப் பெருக்குவது போல இதைப் பெருக்க முடியாது. ஜூன் 12-ஆம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் இந்த மருந்துக்கு வரியை அறவே எடுத்தது. பல கம்பெனிகள் புதிதாகச் செய்யத் தொடங்கின. ஆனால் பூஞ்சை அதுவரை காத்திருக்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. புற்றுநோய்க்கான டாக்சோரூபிசின் மருந்தும் லைப்போசோமில் வருகிறது. 1995-இல் அமெரிக்கா அனுமதித்த டாக்சில்தான் அங்கே முதலில் வந்த லைப்போசோம் மருந்து. பழைய மருந்து இதயத்தைக் கெடுத்தது, இது அவ்வளவாகக் கெடுக்காது. 2012-இல் அமெரிக்காவிலேயே அதற்குத் தட்டுப்பாடு வந்தபோது, நம் நாட்டு சன் பார்மாவின் லிப்போடாக்ஸைத்தான் தற்காலிகமாக வரவழைத்துக்கொண்டார்கள். நமக்குச் செய்யத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. முன்கூட்டியே வைத்திருக்கத்தான் தெரியவில்லை.

கடைசியாகத் தடுப்பூசி. இங்கே நாம் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டிலும் இந்தக் கொழுப்பு உருண்டை கிடையாது. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் போட்டுக்கொண்ட பைசர், மாடர்னா தடுப்பூசிகளில் உண்டு. எம்.ஆர்.என்.ஏ. என்பது மிகவும் மெல்லிய சரக்கு. அப்படியே ஊசியில் போட்டால் உடம்பு உடனே சிதைத்துவிடும். அதனால் லைப்போசோமின் வாரிசான ஒரு கொழுப்பு நுண்துகளில் பொதிந்து அனுப்புகிறார்கள். அதில் நடுவே வெறும் தண்ணீர் இருக்காது, கொழுப்பும் சரக்கும் நெருக்கிக்கொண்டு இருக்கும். 2023-இல் காட்டலின் காரிகோவுக்கும் ட்ரூ வைஸ்மனுக்கும் எம்.ஆர்.என்.ஏ. வேலைக்காக நோபல் கொடுத்தார்கள். சரக்குக்குப் பரிசு கிடைத்தது. வண்டி செய்தவர்கள் பெயரையும் பிள்ளைகள் ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த முதல் மலேரியா தடுப்பூசியிலும், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டச் சேர்க்கும் பொருளில் லைப்போசோம் இருக்கிறது.

மஞ்சள்கருவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர் மருந்து செய்ய நினைக்கவில்லை. வேலூரில் மூளையை ஆராய்ந்தவர் பூஞ்சையை நினைக்கவில்லை. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்து, அறுபது வருடம் கழித்து அது நம் அத்தான் கையில் ஊசி வழியாக இறங்கியது. “இதெல்லாம் படிச்சு என்ன ஆகப்போகுது டீச்சர்” என்று கேட்டவர்கள் உங்களில் நிறையப் பேர். எனக்கு அன்றைக்குப் பதில் தெரியாது. இப்போது ஒரு பதில் என் அக்கா வீட்டுத் திண்ணையில், ஒரு கண்ணோடு, பேப்பர் வாசித்துக்கொண்டு இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். சர்க்கரை இருப்பவர்கள் தயவுசெய்து மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது சோதித்துக்கொள்ளுங்கள். அந்தப் பூஞ்சை கட்டுப்பாடு இல்லாத சர்க்கரையைத்தான் முதலில் தேடி வருகிறது. முகம் மரத்துப்போனாலோ, கண் வீங்கினாலோ, மூக்கில் கறுப்பாக வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அத்தான் மூன்று நாள் தள்ளிப்போட்டார்.

நான் இடைநிலை ஆசிரியை, டாக்டர் அல்ல. உங்களில் டாக்டர்களும் மருந்தாளுநர்களும் இருக்கிறீர்கள். தவறு இருந்தால் கூச்சப்படாமல் கமெண்டில் திருத்துங்கள். டீச்சர் தப்புச் சொன்னால் கை தூக்க வேண்டும் என்றுதான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
முத்தையாபுரம்